ஸ்பேனருக்கு ஒரு பாக்கெட்

இந்தப் புல் வெட்டும் மெஷினை வரைந்தவன் எவனோ, அவன் தன் வாழ்நாளில் ஒரு பிடி புல்லைக்கூட வெட்டியதில்லை. இதைச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார் கறார். எஞ்சின் வைத்தான், சரி. நாலு சக்கரம் வைத்தான், சரி. வெட்டிய புல் விழுவதற்கு ஒரு பைகூட வைத்தான். குப்பைக்கு இடம் வைத்தவனுக்கு, வெட்டுகிறவனின் ஸ்பேனருக்கு ஓர் இடம் வைக்கத் தோன்றவில்லையே!

"அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..." என்று வாசலில் நின்று கத்தினார்.

"கிடைக்கும்போது பாத்துக்கலாம். இப்ப கையைக் கழுவுங்க," என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

கறார் என்பது பட்டப்பெயர். சொந்தப் பெயரை அவரே எப்போதாவதுதான் நினைத்துக்கொள்வார். கூலிக்குப் புல் வெட்டப் போய், திட்டு வாங்கி, திட்டக் கற்றுக்கொண்டு, ஒரு பழைய மெஷினை அடாவடியாகப் பேரம் பேசி வாங்கி, தனியாகத் தொழில் நடத்துகிறவர். பேரத்தில் அவருக்கு ஒரு வித்தை உண்டு. விலையைச் சொல்வார். எதிராளி இழுத்தால் திரும்பி நடக்க ஆரம்பித்துவிடுவார். பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். கூப்பிடாதவர் இதுவரை பிறக்கவில்லை.

ஆனால் மெஷினிடம் பேரம் எடுபடவில்லை. மத்தியானம் ஆனால் போதும், கத்தியைப் பிடித்திருக்கும் நட்டு தளர்ந்துவிடும். முடுக்கலாம் என்று சாக்குப்பைக்குள் கையை விட்டால், அரம் இருக்கும், சுத்தியல் இருக்கும், ஸ்பேனர் மட்டும் இருக்காது. காலையில் தன் கையால் பையில் போட்ட ஸ்பேனர்! பையை மனைவி வாசல்வரை தூக்கி வந்து கொடுத்ததுகூட அவருக்கு நினைவிருக்கும். "எவனோ எடுத்துட்டான்" என்று தோட்டத்துக்காரரிடம் ஒரு பாட்டம், காவல்காரரிடம் ஒரு பாட்டம், ஒருமுறை அங்கே கட்டியிருந்த நாயிடம்கூட ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வருவார்.

"தேடி எடுத்துத் தரேன். அதுவரைக்கும் சும்மாவா நிப்பீங்க? ரெண்டு வாய் சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டுக் கை கழுவும் நேரம் பார்த்து ஸ்பேனர் கிடைத்துவிடும். கட்டிலுக்கு அடியில், துணி மூட்டைக்குப் பின்னால், எங்கேயாவது. கூடவே ஒரு மாத்திரையும் நீட்டுவாள். வெயிலில் பட்டினியாக வேலை செய்து, ஒருநாள் அடுத்தவர் புல்தரையிலேயே அவர் சுருண்டு விழுந்தபிறகு டாக்டர் எழுதிக் கொடுத்தது. மத்தியானம் வேளை தவறாமல் சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை. "வேலையை விட்டுட்டு வந்து சாப்பிட நான் என்ன மாப்பிள்ளையா?" என்று டாக்டரிடமே எகிறியவர் அவர்.

இன்று விஷயம் முற்றிவிட்டது. பெரிய தோட்டத்து மேனேஜர், கண்ணைக்கூட உயர்த்தாமல் சொல்லிவிட்டார்: "இனிமே ஒருதரம் பாதி வேலையில வீட்டுக்கு ஓடினா, திரும்பி வராதீங்க." மேனேஜரிடம் திரும்பி நடந்து பார்த்தார் கறார். அவர் கூப்பிடவில்லை. கறாரேதான் திரும்பி வர வேண்டியிருந்தது. அந்தத் தோட்டம் போனால் அடுப்பே பாதி அணைந்த மாதிரி.

"நானே பண்றேன்! மெஷின் மேலயே பெட்டி! ஸ்பேனர் என் கண்ணு முன்னாலயே இருக்கும்!"

"மெஷின் மேலயா?" என்றாள் மனைவி. அவள் கையிலிருந்த கத்தரிக்கோல் ஒரு கணம் நின்றது. "தோட்டம் போயிடும்னா சொன்னாரு?"

"பின்ன, பாராட்டுப் பத்திரமா வாசிச்சாரு?"

முதல் பெட்டியை எஞ்சின் தலையில் பொருத்தினார். தெருமுனைவரை ஓட்டிவிட்டு ஸ்பேனரை எடுத்தவர், எடுத்த வேகத்தில் எறிந்தார். அது தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. இரண்டாவது பெட்டி இரும்பு. கைப்பிடியின் உச்சியில் கட்டினார். திருப்பத்தில் கைப்பிடி கனத்துக்கு முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. கத்தி காற்றை வெட்டியது. உள்ளே கிடந்த சாமான்கள் போட்ட தாளத்தில் எதிர்வீட்டுக்காரர் கல்யாண ஊர்வலம் என்று எட்டிப் பார்த்தார்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் மனைவி.

"நீ தையல்காரி. உனக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?"

"எஞ்சின் தெரியாதுங்க. பாக்கெட் தெரியும்."

அந்த வீட்டில் இரண்டு மெஷின். ஒன்று வெட்டும், ஒன்று தைக்கும். வெட்டுகிற மெஷினை அவள் சுற்றிச் சுற்றி வந்தாள். எது சுடும், எது ஆடும், புல் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று கேட்டாள். பிறகு தடித்த கித்தான் துணியைத் தரையில் விரித்து, ஸ்பேனர், அரம், சுத்தியல், பிளக் கழற்றும் குழாய் எல்லாவற்றையும் படுக்க வைத்துச் சாக்குக்கட்டியால் சுற்றி வரைந்தாள்.

"ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிப் பாக்கெட். இறுக்கமாத் தைச்சா சத்தம் வராது. கைப்பிடியோட ரெண்டு காலுக்கும் நடுவுல, அடியில கட்டுவோம். கனம் பின்சக்கரத்து மேல உக்காந்துக்கும், முன்னாடி தூக்காது. எஞ்சின் சூடும் எட்டாது. மேல ஒரு மூடி போட்டா புல்லும் விழாது."

கறார் கித்தானை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"சரி, தைச்சுத் தொலை. கூலி என்ன?"

"கூலி வேண்டாம். நடுவுல என் இஷ்டத்துக்கு ஒரே ஒரு பாக்கெட்."

"எதுக்கு?"

"அது என் இஷ்டம்."

"முடியாது. மெஷின் என்னுது."

அவள் துணியைச் சுருட்டினாள். கக்கத்தில் இடுக்கினாள். திரும்பி உள்ளே நடந்தாள்.

"ஏய்! ஏம்மா! நில்லு, நில்லு... சரி, ஒண்ணே ஒண்ணுதான்!"

கூப்பிட்டபிறகுதான் உறைத்தது, தன் பேர வித்தையைத் தன்னிடமே காட்டிவிட்டாள் என்று.

மறுநாள் பெரிய தோட்டம். மத்தியானம் நட்டு தளர்ந்தது. மேனேஜர் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கறார் மீசையைத் தடவிவிட்டு மூடியைத் தூக்கினார். ஸ்பேனர் பாக்கெட் தெரியவில்லை. அதை மறைத்துக்கொண்டு நடுப் பாக்கெட் தொப்பை தள்ளி நின்றது. உள்ளே இரண்டு தட்டுச் சாப்பாட்டு டப்பா. அதை வெளியே எடுத்தால்தான் ஸ்பேனரை உருவ முடியும். எடுத்தார். உருவினார். ஸ்பேனரின் கழுத்தில், நூலால் கட்டிய காகிதப் பொட்டலத்தில், மாத்திரை.

நட்டை முடுக்கிவிட்டு டப்பாவைத் திரும்பச் செருகப் பார்த்தார். இண்டு இடுக்கில்லாமல் தைத்திருந்தாள். ஸ்பேனர் உள்ளே போனால் டப்பா போகவில்லை, டப்பா போனால் ஸ்பேனர் போகவில்லை. காலையில் இரண்டையும் அவள் எப்படித்தான் அடக்கினாளோ! மூடியைக் கழற்றி, மேல்தட்டை அடித்தட்டுக்குள் இறக்கினால்தான் டப்பா சுருங்கும். அதற்கு அது காலியாக இருக்க வேண்டும்.

மர நிழலில் உட்கார்ந்து, மெஷினை முறைத்துக்கொண்டே, கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். மாத்திரையையும் விழுங்கினார். வெயில் அன்று ஏனோ அவ்வளவு கொடூரமாக இல்லை. கண் கலங்கியதுபோல இருந்தது. புல் தூசியாக இருக்கும்.

மாலையில் மேனேஜர் சொன்னார்: "நாளைக்கும் வாங்க."

வீட்டுக்குள் நுழையும்போதே கறாருக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. மனைவிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தார். வாயில் வந்தது வேறு.

"பாத்தியா என் டிசைனை? இன்னைக்கு ஸ்பேனர் காணாமப் போகவே இல்ல!"

"எப்படிங்க போகும்?" என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்தபடி. "நான்தான் இன்னைக்கு எடுக்கலையே."

கறார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தோட்டத்துக்காரர், காவல்காரர், அந்த வாயில்லா ஜீவன் நாய், எல்லோரும் வரிசையாகக் கண்முன் வந்து போனார்கள்.

"அத்தனை நாளும் நீயா?"

"பின்ன? சாப்பிட வாங்கன்னா வருவீங்களா?"

"சரி," என்றார், காலி டப்பாவை அவளிடம் நீட்டி. "சாப்பாட்டுல... உப்பு சரியா இருந்துச்சு." அதற்கு மேல் நன்றி சொல்ல அவருக்குத் தெரியாது. அதுவே அதிகம் என்பது அவளுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே கித்தானை விரித்தாள்.

"தண்ணி பாட்டிலுக்கும் ஒண்ணு தைச்சிடறேன்."

அன்றிரவு மெஷின் முன் நின்று கறார் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்: ஆகவே, மெஷினை வரைந்த மகராசனே, நீ எங்கே இருந்தாலும் கேட்டுக்கொள். உன் குறையை என் மனைவி தைத்து அடைத்துவிட்டாள். நீ தப்பித்தாய், நான் மாட்டிக்கொண்டேன். அடுத்த மெஷினிலாவது ஒழுங்காக ஒரு பெட்டி வை. அதில் இவளுக்குத் தெரியாமல் ஒரே ஓர் அறை வை. சாவி எப்படியும் அவளிடம்தான் இருக்கும். பரவாயில்லை, அறையையாவது வை!