மறைவு: காலை பத்து மணி

திருக்காட்டுப்பள்ளி

அன்புள்ள மைத்துனர் பரணிதரன் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் வீட்டுக்காரர் நாகநாதன் எழுதுவது. சிங்கப்பூரில் நீங்களும் குந்தவையும் சௌக்கியமாக இருக்கவேண்டும். இவ்விடம் நான் உயிரோடு இருக்கிறேன். இதை எழுதித் தெரிவிக்கவேண்டிய நிலைமை வந்துவிட்டது. போனில் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் சிரித்தே கெடுத்துவிடுகிறீர்கள்.

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் தவறாமல் நாடகம் போட்ட உங்கள் அக்காள் வள்ளியம்மை நினைவாக, நடிப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுப்பதென்று நாம் முடிவு செய்தோம் அல்லவா, அதற்கான தேர்வை நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பேனருக்குச் சொன்னேன். அவள் படத்தோடு, கொடையாளி என்று என் படத்தையும் அனுப்பிவைத்தேன். "பொறந்த தேதி சொல்லுங்கண்ணே" என்று கடைக்காரர் கேட்டபோதாவது நான் சுதாரித்திருக்க வேண்டும். 'நினைவு' என்ற சொல்லைப் பார்த்ததும் மனிதர் கை தானாகக் கண்ணீர் அஞ்சலிக்குப் போய்விட்டது. என் படத்துக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே தோற்றம் என்று என் பிறந்த தேதி, மறைவு என்று தேர்வு நாள், காலை பத்து மணி, இடம் நம் வீடு. ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிவிட்ட அதைப் பார்க்காமல் நான் தேர்வன்று விடியற்காலையில் போனையும் வீட்டில் போட்டுவிட்டு நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டேன்.

கொல்லை வழியாகத் திரும்பி வந்தால் வாசலில் ஷாமியானா, நாற்காலி, மாலையோடு ஊர். "பாடி தஞ்சாவூர்லேருந்து வந்துகிட்டிருக்கு" என்று பக்கத்து வீட்டு முருகையன் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் ஒரு பெண் குரல், "அப்பா, என்ன விட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று கிளம்பியது பாருங்கள். பிள்ளை இல்லாதவனுக்கு அப்படி அழ ஒருத்தி இருக்கிறாளே என்று கதவுக்குப் பின்னால் நின்று நானும் அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பாதிப்பேர் ஓட்டம். அவள் மட்டும் எழுந்து கும்பிட்டாள். "ஆடிஷனுக்கு வந்தேன் சார், பேரு எழில்மொழி. பேனரப் பாத்துட்டு இதுதான் சீன்னு நெனச்சேன்."

நடிப்பு என்று தெரிந்ததும் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. "உயிரோட இருக்கிறவன் வீட்ல இழவு கொட்டாத, எந்திரிச்சுப் போ!" என்று கத்திவிட்டேன். மற்ற பிள்ளைகளோ பஸ் ஸ்டாண்டு பேனரைப் பார்த்தே திரும்பிவிட்டார்களாம். மாப்பிள்ளை, நடிக்க வந்தவளை நடித்ததற்காகத் துரத்திய முட்டாள் நான். அந்தப் பிள்ளை முகம் சுண்டிப்போனதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. வள்ளியம்மை இருந்திருந்தால் என்னோடு பேசியே இருக்கமாட்டாள். எனக்கு இந்த யோக்கியதை கிடையாது. உதவித்தொகையை இத்தோடு நிறுத்திவிடுவோம்.

குந்தவைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். எல்லோரும் நீடூழி வாழ்க. அதை பேனரில் மட்டும் போடாதீர்கள்.

இப்படிக்கு,
நாகநாதன்

பி.கு.: கடித உறையை ஒட்டுவதற்கு முன் மனசு கேட்காமல் அந்தப் பெண்ணுக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "நான் நடிக்கல சார். போன வருஷம் எங்கப்பா தவறிட்டாரு. அன்னிக்கு அழுகையே வரல. உங்க படத்தப் பாத்ததும் வந்துருச்சு" என்று விம்மினாள். நானும் அழுது, உனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். சற்று முன் இன்னொரு போன். "எழில்மொழியோட அப்பா அறிவுச்செல்வன் பேசுறேங்க. பொண்ணு உங்க வீட்ல தப்பா நடந்துகிட்டாளாம், மன்னிச்சிருங்க." உடனே பணத்தை அனுப்புங்கள், மாப்பிள்ளை. இவளுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது?