மாமாவுக்காகச் செய்த ஸ்பெஷல் போல்ட்

பிறர் மெச்ச வேண்டும் என்று நினைத்துச் செய்கிற வேலையை மனிதன் ஒருநாளும் ஒழுங்காகச் செய்வதில்லை. இதற்குச் சாட்சி, நான் செய்த இரண்டு சைக்கிள் போல்ட்டுகளும் என் மாமனாரின் இடது முழங்கையும்.

எண்பதுகளின் கடைசி. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் ஹீட் ட்ரீட்மெண்ட் பிரிவில் சேர்ந்திருந்தேன். உருக்கைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்குவோம். பயங்கரக் கடினமாகிவிடும், ஆனால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் மறுபடி மிதமாகச் சூடேற்றி அந்த விறைப்பைக் கொஞ்சம் குறைப்போம். அதற்குப் பெயர் டெம்பரிங். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (சொல்வதில் எனக்கு என்றைக்கும் குறையில்லை.)

பெண் பார்க்கப் பாகலூர் போனோம். பெண்ணுக்கு என்னைப் பிடித்துவிட்டது என்பதை, காபியை வைத்துவிட்டு அவள் வெட்கப்பட்டு ஓடியதிலேயே கண்டுகொண்டேன். (அடுப்பில் பால் பொங்கியதாம். பிறகு தெரிந்தது.) அவள் அப்பாதான் பிடிகொடுக்கவில்லை. சைக்கிளில் கோஸ் மூட்டை கட்டிச் சந்தைக்குப் போகிறவர்.

"யோசிச்சி சொல்றேன்" என்றவர், வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்து அலுத்துக்கொண்டார். "லோடோட எறக்கத்துல புடிச்சா பிரேக் போல்ட்டு வளைஞ்சி வளைஞ்சி போவுது தம்பி."

"விடுங்க மாமா, நான் பாத்துக்கிடுறேன்." (மாமாவாம்! பெண்ணே இன்னும் தரவில்லை.)

லேத்து ஓட்டும் நண்பனைக் கெஞ்சி, டூல் ஸ்டீல் துண்டில் முன் பிரேக்குக்கு ஒன்று, பின் பிரேக்குக்கு ஒன்று கடைந்து வாங்கினேன். காய்ச்சி எண்ணெயில் போட்டேன். அரத்தால் தேய்த்தால் அரமே வழுக்கியது. டெம்பரிங் செய்தால் இந்த உறுதி குறைந்துவிடுமே! என் கல்யாணமே இதில் அல்லவா தொங்குகிறது? செய்யாமல் விட்டேன்.

அடுத்த ஞாயிறு போய் மாட்டினேன். மாட்டியதோடு கிளம்பியிருக்கலாம். "பின்னால ஏறுங்க மாமா, ஏரிக்கரை எறக்கத்துல காட்டுறேன்" என்றேன். பாவம், நம்பி ஏறினார். வாசலில் பெண் நின்று பார்க்கிறாள் என்ற நினைப்பில் இரண்டு மிதி அதிகமாகவே மிதித்தேன்.

"இப்ப பாருங்க!" என்று இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். முன்னால் 'டிக்'. பின்னால் 'டிக்'. அதற்கப்புறம் காற்றுச் சத்தம் மட்டும்தான்.

பக்கத்து வீட்டுக்காரரின் கோஸ் தோட்டத்தில் எழுந்து உட்கார்ந்தோம். எனக்கு அழுகை வந்தது. மாமனார் முழங்கையைத் தடவியபடி அமைதியாகக் கேட்டார்:

"கம்பெனிலயும் இப்டித்தான் செய்றீங்களா?"

"இல்லைங்க. அங்க டெம்பரிங் செஞ்சிருவோம். இது உங்களுக்குன்னு ஸ்பெஷலா செஞ்சது."

மாமனார் அப்படிச் சிரித்தார் பாருங்கள், தோட்டக்காரர் திட்ட வந்தவர் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டார்.

"பொண்ணத் தரேன் தம்பி. ஆனா ஸ்பெஷலா பாத்துக்க வேணாம். கம்பெனிப் பொருளப் பாத்துக்கற மாரி பாத்துக்கிட்டா போதும்."

கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகும், என்றைக்காவது ஆசையாக ஒரு காபி போட்டு நீட்டினால், என் மனைவி தம்ளரை வாங்காமலே கேட்கிறாள்: "இது கம்பெனிக்குப் போட்டதா, எனக்குன்னு போட்டதா?"