அண்ணியின் பியானோவும் என் பதினோரு சங்கதிகளும்

யாராவது பாராட்டினால் எனக்குப் புத்தி மழுங்கிவிடும். மற்றவர்கள் சொல்வதற்குள் நானே ஒப்புக்கொள்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அண்ணனுக்கு வேலை போனது. அண்ணியோடும் பிள்ளைகளோடும் பிரிக்பீல்ட்ஸில் என் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தார். அண்ணி கான்வென்டில் பியானோ படித்தவர். கிள்ளானில் ஒரு பெண்கள் பள்ளிக்கு இசை ஆசிரியை தேவைப்பட்டது. பள்ளி விழாவில் வாசித்துக் காட்ட வேண்டும். வெள்ளைக்காரத் தலைமையாசிரியைக்குப் பிடித்தால் வேலை. அந்த அம்மா கேட்டிருந்தது, ஐரோப்பாவில் அப்போதுதான் புதிதாக எழுதப்பட்ட ஓர் உருப்படி. வயலினும் பியானோவும் ஒன்றையொன்று துரத்தும். கேட்பவருக்கே மூச்சு வாங்கும்.

வயலினுக்கு ஆள்? (வேறு யார், கோயிலில் பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும் அடியேன்தான்.) ஒரு மாதம் கிராமபோன் தட்டைத் தேய்த்தே பாடம் பண்ணினேன்.

"தம்பி, அதுல இருக்கறத மட்டும் வாசிங்க, போதும்."

"கவலப்படாதீங்க லா, அண்ணி!"

விழாவன்று, வாழ்க்கையில் முதல் முறையாக நின்றுகொண்டு வாசித்தேன். முதல் பக்கம் நன்றாகவே போனது. உச்சத்துக்குத் தாவிச் சரசரவென்று இறங்கும் ஓரிடத்தில், மூன்றாம் வரிசையிலிருந்து அண்ணன், "சபாஷ்!" என்றார்.

நம் கச்சேரியில் சபாஷ் விழுந்தால் அந்த வரியையே மறுபடி பிடித்து, வேறு விதமாக வளைத்து இன்னொரு சங்கதி சேர்த்து வாசிப்போம் அல்லவா? என் கை அதைத்தான் செய்தது. அண்ணி அதற்குள் அடுத்த பக்கம் போயிருந்தார்.

"தம்பி! தம்பி!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டார். ரசிக்கிறார் போலிருக்கிறது என்று மூன்றாவது சங்கதிக்குப் போனேன். (அறிவுகெட்ட ஜென்மம்!)

அண்ணி பக்கத்தைப் பின்னால் புரட்டினார், முன்னால் புரட்டினார். கடைசியில் புத்தகத்தையே மூடிவிட்டு, நான் போன வழியெல்லாம் கூடவே வந்தார். பதினோரு சங்கதி! எப்படி முடிப்பதென்று தெரியாமல் நான் முழித்தபோது, பியானோவில் பத்து விரலாலும் ஓர் அடி அடித்தார். நான் நின்றேன்.

அண்ணன்கூடக் கை தட்டவில்லை. அப்போதுதான் உறைத்தது: அண்ணன் குடும்பத்தின் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன்.

தலைமையாசிரியை மேடைக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அண்ணியிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "இந்த மனிதரோடு வாசிக்க முடிந்த உங்களுக்கு என் பள்ளிப் பிள்ளைகளைச் சமாளிப்பது ஒரு பொருட்டே இல்லை. திங்கட்கிழமை வந்துவிடுங்கள்."

அண்ணி நினைத்திருந்தால் என்னைத் தனியே தவிக்கவிட்டுத் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். விடவில்லை. அந்த நன்றியை நான் இன்றும் மறக்கவில்லை. ஆனால் அதைச் சொல்ல வாய் திறந்தால் விரட்டிவிடுவார். வீட்டில் எந்தப் பிள்ளை அடம்பிடித்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்:

"ஒங்க சித்தப்பாவையே கட்டி மேச்சவ நான். நீ எம்மாத்திரம்?"