அத்தை ஆடாகப் பதவியேற்றது

"பட்டாளத்துல எவன் என்ன சொன்னாலும் தலையாட்டுங்க மாப்பிள்ளை. ஆனா ஆட்டறதுக்கு முன்னாடி..." என்று குதிரைக்காரரின் மாமனார் ஏதோ சொல்லியிருந்தார். முன்னாடி என்ன செய்ய வேண்டும் என்பதுதான் மறந்துபோயிருந்தது. அதனால் அவர் இத்தனை வருஷமும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து அவருடைய குதிரையும் ஆட்டக் கற்றுக்கொண்டது.

அந்தக் கிழட்டுப் பெண்குதிரைக்கு முகாமில் அத்தை என்று பேர். தீவனம் தாமதமானால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சமாதானம் செய்யப் போனால் காலை மிதிக்கும்.

போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை ஒன்று வந்தது. வயது கடந்த குதிரைகள் அனைத்தும், தாய்நாட்டுக்குத் தங்கள் நிறைவுப் பங்களிப்பை நல்கும் பொருட்டு, சமையல் பிரிவுக்கு இடமாற்றம் செய்யப்படும்.

குதிரைக்காரர் தலைமைக் குமாஸ்தாவிடம் ஓடினார். குமாஸ்தா நல்ல மனுஷர். விதியை மீற மாட்டார். விதிக்கு உட்பட்டு எந்த அநியாயத்தையும் சந்தோஷமாகச் செய்துகொடுப்பார்.

"ஐயா, அத்தையை எப்படியாவது காப்பாத்துங்க."

"குதிரைன்னா வழியே இல்லை. ராசி விலங்குன்னா ஓய்வு வயசு கிடையாது."

ராசி விலங்கு என்பது படைக்கு அதிர்ஷ்டம் வரட்டும் என்று வளர்ப்பது. அந்த வருஷம் அதுதான் நாகரிகம். பக்கத்துப் படைப்பிரிவு ஒரு கரடி வாங்கியதும் இங்கே எல்லோருக்கும் தூக்கம் போயிற்று. அவசரத்துக்குக் கிடைத்த ஓர் ஆட்டைப் பிடித்து, ஜரிகைப் போர்வை போர்த்தி, கேப்டன் பதவியும் கொடுத்துவிட்டார்கள்.

"அப்ப அத்தையையும் ராசி விலங்கா ஆக்கிடுங்களேன்."

"ஒரு பிரிவுக்கு ஒண்ணுதான். அதுவும் ஆடுன்னு அனுமதி வாங்கியிருக்கு." குமாஸ்தா கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது முகத்தில் வெளிச்சம். "சரி. இன்னையிலேருந்து அத்தை ஆடு. கேப்டன் குதிரை. அதுவும் இளங்குதிரை. யாருக்கும் பாதகமில்லை."

"ஆட்டுக்குக் கொம்பு இருக்குமே, ஐயா?"

"விதியில கொம்பைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை."

குதிரைக்காரர் தலையாட்டினார்.

விலங்குகள் மாறியதால் மனிதர்களும் மாற வேண்டியதாயிற்று. குதிரைக்காரர் ஆட்டுக்காரர் பதவிக்கும், ஆட்டுக்காரர் குதிரைக்காரர் பதவிக்கும் போனார்கள். வீட்டுக் கடிதங்கள் பதவிப் பேருக்கே வரும் என்பதால் அவையும் இடம் மாறின. குதிரைக்காரரின் மனைவி திட்டி எழுதியதையெல்லாம் ஆட்டுக்காரர் வாங்கிப் படித்து, அழுது, மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டார். 'கல்யாணமான நாளிலிருந்து இப்பத்தான் உருப்படியா ஒரு கடிதம் போட்டிருக்கீங்க' என்று அவள் நெகிழ்ந்துபோய் எழுதினாள். அதுவும் ஆட்டுக்காரருக்கே போயிற்று.

இந்த நிலையில் பெரிய தளபதி அணிவகுப்பைப் பார்வையிட வந்தார். வழக்கப்படி முகாம் தளபதி குதிரை மேல் ஏறி முன்னால் வர வேண்டும். ஏறினார். கேப்டன் "மே" என்றது. தளபதியின் பூட்ஸ் இரண்டும் தரையில் கூடவே நடந்து வந்தன. சிரிப்பதற்கு உத்தரவு இல்லாததால் யாரும் சிரிக்கவில்லை.

"குதிரை கொஞ்சம் குட்டையோ?" என்றார் பெரிய தளபதி.

"சிக்கன ரகம், ஐயா. தீவனம் கம்மி. மேலேருந்து விழுந்தாலும் அடிபடாது" என்றார் முகாம் தளபதி.

பெரிய தளபதி உருகிப்போனார். எல்லாப் படைகளுக்கும் இதே ரகத்தை வாங்கும்படி நின்ற இடத்திலேயே ஆணையிட்டார். வேலிக்கு அப்பால் எதிரியின் ஒற்றன் ஒருவன் கவலையோடு குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான். அவர்கள் பக்கமும் சீக்கிரமே ஆடுகளுக்கு லாடம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று பிற்பாடு கேள்வி.

அப்புறம் பெரிய தளபதியின் பார்வை அத்தை மேல் விழுந்தது. ஜரிகைப் போர்வை அதன் முதுகில் கைக்குட்டை மாதிரிக் கிடந்தது.

"அடேயப்பா! இவ்வளவு பெரிய ஆடா?"

"நம்ம ராசி ஆடு, ஐயா."

"இத்தனை ராசியையும் ஒரே இடத்துல குவிச்சு வைக்கிறது நியாயமா? ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு துண்டாவது போய்ச் சேர வேண்டாமா? நாளைக்கு மத்தியானம் விருந்து!"

அத்தை தலையாட்டியது.

குதிரைக்காரர் மறுபடியும் குமாஸ்தாவிடம் ஓடினார். "ஐயா, அத்தையைப் பழையபடி குதிரையாக்கிடுங்க!"

"தாராளமா. வயசான குதிரை, நேரா சமையலுக்கு."

"ஆடாவே விட்டா?"

"ஆடும் சமையலுக்குத்தான். உங்களுக்கு எப்படி வசதியோ அப்படிச் சொல்லுங்க, செஞ்சிடலாம்." குமாஸ்தாவுக்கு உண்மையிலேயே வருத்தம்தான்.

"வேற ஏதாவது விலங்கா..."

"கரடின்னு போடலாம். பக்கத்துப் பிரிவு ஆட்சேபிக்கும்."

மறுநாள் காலை குதிரைக்காரர் அத்தையைப் பிடித்துக்கொண்டு முகாம் வாசலுக்கு வந்தார். காவல்காரர் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினார்.

"குதிரையை வெளியே கொண்டுபோகணும்னா தளபதி கையெழுத்து வேணும்ணே."

"குதிரையா? எங்கே இருக்கு குதிரை?"

காவல்காரர் அத்தையைக் குளம்பிலிருந்து பிடரிவரை பார்த்தார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்.

"ஆடு," என்றார்.

"மேய்ச்சலுக்குப் போகுது."

"அதுக்கு அனுமதி வேண்டாம். போயிட்டு வாங்கண்ணே. ஆனா மத்தியானத்துக்குள்ள ஓட்டிட்டு வந்துடுங்க. தொடைக்கறி எனக்குத்தான்னு சமையல்காரர்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

தலையை ஆட்டப்போன குதிரைக்காரருக்கு அப்போதுதான் மாமனாரின் குரல் முழுசாகக் கேட்டது. ஆட்டறதுக்கு முன்னாடி, வாசல் எந்தப் பக்கம்னு பாத்துக்கோங்க.

பார்த்தார். எதிரிலேயே இருந்தது. அப்புறம் ஆட்டினார்.

சாலை வளைந்து முகாம் மறைந்த இடத்தில் கொஞ்சம் நின்றார். அத்தை அவர் காலை மிதித்தது. முகாமுக்குத் திரும்புவதில்லை, வழியில் யார் கேட்டாலும் இது ஆடு என்றே சொல்வது என்று முடிவு செய்தார்.