எர்த்து அண்ணாச்சியும் தண்ணீர் மணியும்

தான் செய்த மணிக்குத் தானே சுவிட்சைப் போட்டுவிட்டுத் தெருக்கோடி வரை ஓடிய மனிதர் தமிழ்நாட்டிலேயே எர்த்து அண்ணாச்சி ஒருவராகத்தான் இருப்பார். அவரோடு சேர்ந்து நானும் ஓடியிருக்கிறேன் என்பதை இங்கே பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

எனக்கு அப்போது சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் வேலை. குடியிருந்தது விருதுநகரில், அண்ணாச்சி வீட்டு மாடியில். அவர் பட்டாசு ஆலையில் போர்மேன். மருந்து அறைக்குள் போகிறவர்கள் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் சேர்ந்த மின்சாரத்தை மண்ணுக்குள் அனுப்பிவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்பது அங்கே கட்டாயம். அண்ணாச்சி அதை வீட்டுக்கும் சட்டமாக்கிவிட்டார். வாசல் நிலையில் ஒரு செம்புத் தகடு. பால்காரர் தொட்டார், சிலிண்டர்காரர் தொட்டார், பத்திரிகை வைக்க வந்த சம்பந்தி வீட்டார் வெற்றிலைத் தட்டோடு வரிசையில் நின்று தொட்டார்கள். "எர்த்து குடுத்துட்டு உள்ள வாங்க" என்பதுதான் அந்த வீட்டின் வரவேற்பு.

அவருடைய மனைவி செல்வி அக்கா கோபித்துக்கொண்டு சாத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போனது ஓர் ஆடி மாதத்தில். எங்கள் தெருவில் குடிதண்ணீர் என்றைக்கு வரும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. குழாயடியைவிட்டு நகர முடியாமல், அக்கா அந்த வருஷம் இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்கப் போகவில்லை. ஆதங்கப்பட்டவரிடம் அண்ணாச்சி, "சாமி எங்க போயிரப் போவுது? தண்ணிதான் போயிரும்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டார். திரும்பி வந்தபோது அக்கா சாத்தூர் பஸ் ஏறியிருந்தார்.

"தண்ணி வந்தா தானா மணி அடிக்கிற மிஷினு ஒண்ணு செஞ்சுட்டுத்தான் அவளக் கூப்பிடுவேன், தம்பி. அப்புறம் அவ குழாயடியில காத்துக் கெடக்க வேண்டாம்லா?"

செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, தீப்பெட்டி அளவில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, ஒரு மணி, குழாய் வாயில் மாட்ட இரண்டு கம்பி, ஈயத்தை உருக்கிக் கம்பியை ஒட்ட ஒரு சால்டரிங் அயர்ன் என்று எல்லாம் வாங்கிவிட்டார். முதல் நாள் சோதனையை மறக்கவே முடியாது. சுவிட்சை ஒரு நீளக் கம்பால் தட்டிவிட்டு, "ஓடுங்கலே!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தார். காலமெல்லாம் திரியைப் பற்றவைத்த உடம்பு. நானும் செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். பின்னால் மணி சாதுவாக 'டிங் டாங்' என்றது.

மணி அடித்தது சரி. ஆனால் தண்ணீருக்கு அடிக்கவில்லை, மிளகாய் லோடு லாரி தெருவைக் கடக்கும்போதெல்லாம் அடித்தது. தெருவே குடத்தோடு ஓடிவந்து, காய்ந்த குழாயைப் பார்த்துவிட்டு அண்ணாச்சியை வறுத்தெடுத்தது. அவர் முதலில் புரோகிராமைச் சந்தேகப்பட்டார். பிறகு பேட்டரியை. கடைசியில் என்னுடைய பாலியஸ்டர் சட்டையை.

"களட்டுங்க தம்பி. இதுலருந்துதான் கரண்டு பாயுது."

பனியனோடு உட்கார்ந்திருந்தேன். அடுத்த லாரிக்கும் மணி அடித்தது.

சேதி சாத்தூருக்கும் போய்விட்டது. அக்கா எனக்குப் போன் செய்தார். "ஏன் தம்பி, அந்தக் கம்பிய அவுக எப்படித்தான் ஒட்டுதாக?" என்று கேட்டார். அயர்னை வைத்த வேகத்தில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறார் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

"எங்கிட்டயும் அப்படித்தான். ஒரு வார்த்தையப் பத்த வச்சுட்டு தெருவுக்கு ஓடிருவாக. நான் பதில் சொல்லும்போது ஆளு இருக்காது."

போனை வைத்ததும் போர்டைத் திருப்பிப் பார்த்தேன். ஈயம் மேலே அழகாக உருண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு கம்பியை லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. எதுவுமே ஒட்டவில்லை, சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. லாரியின் அதிர்வில் தொட்டும் விட்டும் மணியை அடித்திருக்கிறது.

"அண்ணாச்சி, இது பட்டாசு இல்ல. ஓடாதீங்க. கம்பி சூடாகிற வரைக்கும் அப்படியே பிடிச்சுக்கிட்டு இருங்க."

பிடித்தார். நெற்றியில் வியர்வை. "போதுமா?" என்றார். "இன்னும் கொஞ்சம்" என்றேன். புகை எழும்பி, ஈயம் உருகி, கம்பியைச் சுற்றித் தானாக ஓடிப் படிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்னதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். மிச்சக் கம்பியையும் அதேபோல் பிடித்து ஒட்டினார். வெளியே லாரி போனது. மணி வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டு, "மிஷின் ரெடியாயிருச்சு, வா" என்றார். "மிஷினுக்காக நான் வரணுமா? நீங்க இங்கன வாங்க. உக்காந்து பேசணும்" என்று பதில் வந்தது. இஸ்திரி போட்ட வேட்டியைக் கட்டிக்கொண்டு மறுநாளே சாத்தூர் கிளம்பினார். போகும்போது தகட்டைத் தொட்டுவிட்டுப் போனார். உள்ளே வரும்போதுதானே தொட வேண்டும் என்று கேட்க நினைத்தேன், முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

அவர் போன அன்று மத்தியானமே மணி அடித்தது. லாரி ஏதும் இல்லை. குழாயில் நிஜமாகவே தண்ணீர்! கை ஈரத்தோடு அவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, மணி அடிச்சிருச்சு! தண்ணி வந்திருச்சு! உடனே பஸ் ஏறுங்க!"

அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். "நீங்களே பிடிச்சு வைங்க, தம்பி. நான் இவகூட பேசிக்கிட்டு இருக்கேன்."

வீட்டிலிருந்த குடம், அண்டா, இட்லிக் கொப்பரை வரை எல்லாவற்றிலும் நிரப்பி வைத்தேன். இரண்டு நாள் கழித்து இருவரும் இருக்கன்குடி போய்விட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு வந்து இறங்கினார்கள்.

இப்போது நான் வேறு ஊரில், எந்நேரமும் தண்ணீர் வருகிற அடுக்குமாடியில் இருக்கிறேன். யாரும் எதற்கும் குடத்தோடு ஓடுவதில்லை. வீட்டுக்குள் நுழையுமுன் என் கை மட்டும் வாசல் நிலையில் எதையோ தேடுகிறது. அங்கே வெறும் மரம்தான் இருக்கிறது, அண்ணாச்சி.