புரோகிராமுக்குத் திருநீறு

பிள்ளை வரம் கொடுத்த சாமியாரைப் பார்த்திருப்பீர்கள். விசா வரம் கொடுத்த சாமியாரையும் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் புரோகிராமுக்குத் திருநீறு பூசிய சாமியாரைப் பார்த்ததுண்டா? 1994-ல் நீங்கள் அஸ்தினாபுரம் பக்கம் வரவில்லை என்றால் அது உங்கள் தலையெழுத்து, வேறென்ன சொல்ல!

திருநாமம், பிழைநோக்கி சுவாமிகள். செவ்வாய், வெள்ளி என்றால் அவருடைய மாடி வீட்டு வாசலில் எள் போட்டால் எள் விழாது. வந்தவர்கள் யார்? கைநாட்டுப் பேர்வழிகள் என்று நினைத்துவிடாதீர்கள். டை கட்டியவர்கள், சபாரி போட்டவர்கள், பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் வால் மாதிரி தொங்கவிட்டவர்கள். கையில் ஆளுக்கொரு தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய். அதன்மேல் இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் பேப்பர் ஒரு கட்டு. அதற்கும் மேல் ஒரு பிளாப்பி. சம்பந்தி வீட்டுக்குக்கூட இத்தனை பக்தியோடு எவனும் வரிசை எடுத்துப் போனதில்லை.

சுவாமிகளின் மகிமை இதுதான்: 'சி' மொழியில் எழுதிய எந்தப் புரோகிராமாக இருந்தாலும், அதை ஓட்டிப் பார்க்காமலே குறை சொல்லிவிடுவார். "பேப்பர் உடல், பிளாப்பி உயிர்" என்பது அவருடைய தத்துவம். உயிரைச் சீடர் கிருபா பயபக்தியோடு சந்நிதானத்துக்குள் எடுத்துப் போவார். அரைமணி நேரம் ஆராதனை. பிறகு திருநீற்றுத் தட்டோடு வெளியே வருவார். சுவாமிகள் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கண்ணை மூடி, பேப்பர் கட்டின்மேல் கையை வைப்பார்.

"நூற்று நாற்பதாம் வரியில் ஒருவன் மதிப்பில்லாமல் நிற்கிறான்."

புரட்டிப் பார்த்தால், அட, ஆமாம்! மதிப்பு எதுவும் கொடுக்காத ஒரு பெயரைக் கணக்கில் சேர்த்திருக்கும். பொறியியல் படித்த புண்ணியவான் கன்னத்தில் போட்டுக்கொள்வான். அவனே உட்கார்ந்து ஒருமுறை படித்திருந்தால் அந்த வரி அவன் கண்ணிலும் பட்டிருக்கும். படிப்பதைவிடக் கன்னத்தில் போட்டுக்கொள்வது சுலபமாயிற்றே!

காந்திமதிக்கு இந்தக் கன்னத்தில் போடும் வித்தை வரவில்லை. அதுதான் அவள் பிழைப்புக்கே உலை வைத்தது.

மாடம்பாக்கத்துக் கொத்தனார் வேதாசலத்தின் மகள். கணிதப் பட்டம், அதற்கு மேல் கம்ப்யூட்டர் படிப்பு, அதற்கும் மேல் ஒரு வாய். கிழக்குத் தாம்பரத்தில் அனந்தநாராயணன் நடத்திய சின்னக் கம்பெனியில் வேலை. அங்கே ஒரு ஆஸ்பத்திரியின் ரத்த வங்கிக்காகப் புரோகிராம் தயாராகிக்கொண்டிருந்தது. பாதி எழுதியவன் அமெரிக்காவுக்குப் பறந்துவிட்டான். மீதியை முடிக்கும் பாரம் இவள் தலையில்.

முடித்ததும் அவள் ஒரு காரியம் செய்தாள். ஒரு புரோகிராமைப் படிப்பதற்கென்றே இன்னொரு குட்டிப் புரோகிராம் எழுதினாள். அதற்கு ஒரே வேலை. எங்கெல்லாம் அளந்து பார்க்காமல் எழுத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம் என்று தேடிச் சொல்லும். சொன்ன இடங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவள், ஓர் இடத்தில் "ஐயய்யோ!" என்று எழுந்து நின்றுவிட்டாள்.

"சார், நோயாளி பேருக்குப் பதினஞ்சு எழுத்துக்குத்தான் இடம் விட்டிருக்கு. மேல வந்தா பக்கத்து ரூம்ல போய் உட்கார்ந்துக்கும். பக்கத்து ரூம்ல என்ன இருக்கு தெரியுமா? ரத்த குரூப்பு!"

அனந்தநாராயணன் மூக்குக்கண்ணாடியைக்கூட நிமிர்த்தவில்லை. "ஓடறதோல்லியோ? அப்புறம் என்ன?"

"ராமு, சோமுன்னு அடிச்சுப் பார்த்தா ஓடத்தான் சார் ஓடும். நம்ம ஊர்ல எல்லாரும் ராமுவும் சோமுவுமா? வாங்க, மிஷின்ல காட்டறேன்."

"வேண்டாம்! சுவாமிகள் பார்த்துத் தோஷமில்லைன்னு சொல்லிட்டார். அவர் பார்த்ததை மறுபடி சோதிக்கிறது அபசாரம்."

அவர் சொன்னதில் ஒரு சத்தியம் இருந்தது. சுவாமிகள் முன்பே அருள்வாக்குச் சொல்லி, வேலையற்று நின்ற நாலைந்து பெயர்களை நீக்கவைத்து, "தோஷ நிவர்த்தி" என்று குங்குமம் வைத்த கடிதமும் தந்திருந்தார். அந்தக் கடிதம் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய கம்ப்யூட்டர் சிவப்புத் துணி கட்டி, பொட்டு வைத்து, கல்யாணப் பெண் மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தது. தொட யாருக்கும் அனுமதி இல்லை.

ஒப்படைப்புத் தாளில் காந்திமதி கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள். அனந்தநாராயணன் அஸ்தினாபுரத்துக்கு ஓடினார். சுவாமிகள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பெண் என்ன நட்சத்திரம்?"

ஆயில்யம்.

ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்று ஊரில் சொல்வார்கள். புரோகிராமுக்கும் ஆகாது என்று கண்டுபிடித்த பெருமை சுவாமிகளுக்கே. குறை எழுத்தில் இல்லையாம், எழுதிய கையில் இருக்கிறதாம். அமெரிக்கா போனவன் நட்சத்திரத்தை ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அவள் தன் கையால் தட்டு ஏந்தி வந்து பரிகாரம் செய்துகொள்ள வேண்டும். சுவாமிகள் அவள் முன்னிலையில் மறுபடி அருள்வாக்குச் சொல்வார். அவள் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம். திங்கட்கிழமையே கம்ப்யூட்டர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

காந்திமதிக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம். கையெழுத்துப் போட்டால் எவர் வீட்டு விளக்கு அணையுமோ, யார் கண்டது? அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, பரிகாரத்துக்கு முன்னால் சுவாமிகளை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அஸ்தினாபுரத்துக்குப் போனாள்.

வாசலில் எலுமிச்சம்பழம் விற்ற பேபிதான் முதல் அதிசயத்தைச் சொன்னாள்.

"இன்னாமே, இன்னிக்கு தரிசனம் கெடியாது. சாமி மவுன வெரதம்."

"ஏன்க்கா?"

"கரண்ட்டு பூட்ச்சில்ல? கரண்ட்டு போனா சாமிக்கு அருளே வர்றதில்லமே. அவருக்கும் அந்த மின்சாரத்துக்கும் இன்னாவோ தெய்வ சம்பந்தம் கீது!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

காந்திமதி அன்று சிரித்துக்கொண்டே வீடு போனாள். மின்விசிறியில்லாமல் தவம் செய்ய முடியாத ரிஷியை யாரும் கேள்விப்பட்டதுண்டா? இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. சுவாமிகள் எந்தப் புரோகிராமைத் தொட்டாலும் சொன்னது அதே நாலைந்து வசனம்தான். 'இவனுக்கு மதிப்பில்லை', 'இவனுக்கு வேலையில்லை', 'இவன் தரும் விடையை யாரும் வாங்கவில்லை'. இந்த வசனங்களை அவள் முன்பே படித்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அனந்தநாராயணனும் அவர் மனைவி அபிதகுஜாம்பாளும் முன்வரிசை. சுவாமிகளைக் கணவருக்கு அறிமுகம் செய்துவைத்ததே அந்த அம்மாள்தான். காந்திமதி தட்டை ஏந்தி வந்து வைத்தாள். உடலின்மேல் கிடந்த உயிரைக் கிருபா எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அரைமணி கழித்துத் திருநீற்றுத் தட்டு வந்தது. சுவாமிகளின் கை பேப்பர் கட்டின்மேல் அமர்ந்தது.

"இருபத்திரண்டாம் வரி..." என்று குரல் குகையிலிருந்து வந்தது. "'புளுகு' என்றொருவன். மதிப்பே இல்லாமல் சபைக்கு வந்து நிற்கிறான்."

"அரகரா!" என்றது கூட்டம்.

"முப்பதாம் வரி. 'டுபாக்கூர்' என்றொருவன். பெயர் மட்டுமே உண்டு. ஒரு வேலையும் செய்வதில்லை."

பின்வரிசையில் எவனோ களுக்கென்று சிரித்து, அதைத் தும்மலாக மாற்றிக்கொண்டான். காந்திமதி எழுந்தாள்.

"சார், அந்தப் பேப்பர்ல இருபத்திரண்டாம் வரியைக் கொஞ்சம் சத்தமாப் படிங்களேன்."

அனந்தநாராயணன் புரட்டினார். அங்கே நோயாளியின் முகவரி இருந்தது. முப்பதாம் வரியில் வயது இருந்தது. கட்டு முழுவதையும் புரட்டியும் புளுகனும் கிடைக்கவில்லை, டுபாக்கூரும் கிடைக்கவில்லை.

"கிடைக்க மாட்டாங்க சார். பேப்பர் ஆஸ்பத்திரி புரோகிராம். பிளாப்பில இருந்தது நான் எழுதின வேற புரோகிராம். புளுகு, டுபாக்கூர் ரெண்டு பேரையும் பெத்தவ நான்தான். சாமி கையை வெச்சது பேப்பர் மேல. படிச்சது மட்டும் எப்படி பிளாப்பியை?"

கூட்டம் திகைத்தது. சுவாமிகள் திகைக்கவில்லை. அவர் என்ன நேற்றுப் பிறந்தவரா?

"உடல் பொய், குழந்தாய்! உயிரே மெய். யாம் உயிரைப் படித்தோம்."

"ஆஹா! என்ன தத்துவம்!" என்று ஒரு சபாரி உருகியது. முட்டாள்தனத்துக்கு ஒரு சந்து கிடைத்தால் போதும், தேரையே ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

காந்திமதி கைப்பையிலிருந்து இன்னொரு பிளாப்பியை எடுத்தாள். "சந்தோஷம் சாமி. இதோ இன்னொரு உயிர். உள்ள போக வேணாம். உங்க உள்ளங்கையிலேயே வெச்சு, இங்கயே சொல்லிடுங்க."

சுவாமிகளின் நெற்றித் திருநீறு வியர்வையில் கரையத் தொடங்கியது. "சந்நிதானத்தின் குளிர்ச்சி படாமல் உயிர் பேசாது."

"அப்ப உள்ளயே கொண்டுபோங்க. மெயின் சுவிட்சை மட்டும் அணைச்சிடலாம். ஆண்டவனுக்குக் கரண்ட் எதுக்கு?"

சுவாமிகள் பதில் சொல்வதற்குள் அபிதகுஜாம்பாள் எழுந்துவிட்டார். "எதுக்கு வீண் பேச்சு? சந்நிதானத்தை நானே ஒரு தரம் சேவிச்சுட்டு வந்து இவ வாயை அடைக்கறேன்!" கிருபா குறுக்கே பாய்ந்தார். பாவம், ஆடி வெள்ளிக் கூட்டத்தில் இடித்துப் பழகிய தோள் அந்த அம்மாளுடையது. ஒரே இடி. கதவு திறந்துகொண்டது.

உள்ளே லிங்கமும் இல்லை, விளக்கும் இல்லை. குளுகுளுவென்று ஏ.சி., அதன் காற்றில் ஒரு கம்ப்யூட்டர். பச்சை எழுத்தில் திரை நிறைய வாசகம்: 'புளுகு', மதிப்பு தரும் முன்பே பயன்படுத்தப்பட்டது. 'டுபாக்கூர்', எங்கும் பயன்படவில்லை.

"இதுக்குப் பேரு லின்ட்" என்றாள் காந்திமதி. "புரோகிராமை ஓட்டாமலே படிச்சுக் குறை சொல்ற கருவி. நல்ல கருவிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா இதுக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லும். பேர் நீளமா, இடம் போதுமான்னு இது அளந்து பார்க்காது. மாமி, உங்க பேருக்கு என்ன இனிஷியல்?"

"ஆத்துக்காரர் இனிஷியல்தான். ஏ."

"ரத்தம்?"

"ஓ குரூப்."

காந்திமதி இரண்டாவது பிளாப்பியைச் சுவாமிகளின் கம்ப்யூட்டரிலேயே போட்டாள். அதில் இருந்தது ஆஸ்பத்திரி புரோகிராம். அபிதகுஜாம்பாள் என்று இங்கிலீஷில் அடித்தாள், பதினாலு எழுத்து. ரத்தம் ஓ என்று பதிந்தது. பிறகு பெயர் திருத்தும் பக்கத்துக்குப் போய், கடைசியில் ஓர் இடம் விட்டு 'ஏ' என்ற இனிஷியலைச் சேர்த்தாள். பெயருக்கு விட்ட இடம் அதற்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது. 'ஏ' பக்கத்து அறையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

ரத்தம்: ஏ.

"ஏண்டி, எனக்கு ஓ-ன்னா!" என்று அந்த அம்மாள் அலறினார்.

"உங்களுக்குத் தெரியும் மாமி, ஆஸ்பத்திரிக்குத் தெரியாதே. திங்கட்கிழமைக்கப்புறம் நீங்க அங்க மயங்கிக் கிடந்திருந்தா, இதைப் பார்த்துட்டு ஏ பாட்டில்னு சீட்டு எழுதியிருப்பாங்க. இந்தப் புரோகிராமுக்குத்தான் சாமி தோஷமில்லைன்னு குங்குமம் வெச்சுக் குடுத்தாரு. தோஷம் எனக்குத்தானாம், ஆயில்யமாம்!"

அனந்தநாராயணன் மனைவியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். சுவாமிகள் மெல்லப் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார். நாலு பேர் மடக்கினார்கள். அந்த நிமிஷத்தில் செந்தமிழ் அவரை விட்டு ஓடிப்போயிற்று.

"த, மேல கை வெக்காதே! நான் இன்னா தப்பா சொன்னேன்? அந்த மிசினு சொன்னதத்தானே சொன்னேன்!"

அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான். சுவாமிகள், கம்ப்யூட்டர் விற்கும் கடையில் வேலை பார்த்துத் துரத்தப்பட்ட அப்பாதுரை என்பதும், கிருபா திருநீற்றுத் தட்டுக்கு அடியில் துண்டுச்சீட்டு ஒட்டிக் கொண்டுவருவார் என்பதும் அடுத்த சில நிமிஷங்களில் வெளிவந்தன.

"காந்திமதி..." அனந்தநாராயணன் அவள் பக்கம் திரும்பினார். "திங்கட்கிழமை நீ வந்துடணும்மா."

"நான் வருவேன் சார். அந்தக் கம்ப்யூட்டர் போகாது. துணியை அவிழ்த்து, ஒவ்வொரு இடமா அளந்து சரி பண்ணினப்புறம்தான் என் கையெழுத்து."

"ஆகட்டும். ஒரு நல்ல நாளாப் பார்த்து..."

அவள் பார்த்த பார்வையில் வாக்கியத்தின் மீதி அவர் தொண்டைக்குள்ளேயே இறங்கிவிட்டது.

அதற்குள் உள்ளே ஒரு சலசலப்பு. என்னவென்று எட்டிப் பார்த்தால், தத்துவத்தில் உருகிய அதே சபாரிக்காரர் லின்ட் ஓடிய கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் பின்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தேங்காயை ஓங்கிவிட்டார்.

காந்திமதி முந்தானையால் அந்தச் சந்தனத்தை அழுத்தித் துடைத்தாள்.

"யோவ், சாமியாரை நம்பினீங்க, ரத்தம் மாறிப்போச்சு. இப்ப மிஷினைக் கும்பிடறீங்க, நாளைக்கு இன்னும் எது மாறுமோ! தேங்காயைக் கீழ வெச்சிட்டு அவங்கவங்க எழுதினதை உட்கார்ந்து படிங்கய்யா. கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கே, அது விபூதி பூசறதுக்கு மட்டும் இல்ல!"