வேண்டாம் என்ற பொத்தான் எங்கே?

திருவொற்றியூர்,
கல்யாண மண்டபம், சாப்பாட்டு இடைவேளை.

அன்பும் பாசமும் நிறைந்த வல்லரசு அண்ணாவுக்கு, உன் சித்தப்பா மகள் எழில்மொழி எழுதுவது.

இன்று காலை எங்களைக் காட்டிக்கொடுத்தவன் நீதான். இங்கே நாங்கள் எல்லோரும் நலம், அதாவது இருமலைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீயும் அண்ணியும் ஐதராபாத்தில் ஏசி அறையில் சுகமாக இருக்க வடிவுடையம்மனை வேண்டுகிறேன். வேண்டி முடித்துவிட்டேன், இனி மரியாதை கிடையாது.

போன தை மாதம் உன் மச்சினி கல்யாணத்தில் கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டு நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? “கம்ப்யூட்டர்ல ஸ்டார்ட் பட்டன எடம் மாத்துனதே எங்க டீம்தான் எழிலு, நாப்பது பேரு, ரெண்டு வருஷம்” என்றாய். நாங்களும் பல்லைக் காட்டிப் பெருமைப்பட்டோம். ஒரு பொத்தானை நகர்த்த நாற்பது பேரா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். நம் தெருமுனைக் குப்பைத் தொட்டியைப் பள்ளிக்கூட வாசலிலிருந்து நாலு அடி நகர்த்த இன்னும் ஓர் ஆள் கிடைக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தெருவுக்குப் பின்னால் இருக்கிற நிலக்கரிக் கிடங்கை இன்னும் இரண்டு மடங்கு பெரிதாக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் ஊர் ஜனங்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். அந்தக் கருத்துக்கேட்புக் கூட்டம்தான் இன்றைக்கு. பேச ஆளுக்கு ஐந்து நிமிடம். இதற்காக உன் அம்மாவும் நானும் மழைக்காலம் முடிந்ததிலிருந்து படம் எடுத்து வைத்திருந்தோம். காலையில் கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலம் என்ன நிறத்தில் இருக்கிறது, குடத்துத் தண்ணீருக்கு மேலே எப்படிக் கறுப்பு ஏடு படிகிறது, மாடியில் பெரியம்மா காயப்போட்ட கருவாடு எப்படி அடுப்பில் விழுந்து எழுந்தது போல இருக்கிறது, எல்லாவற்றையும் எடுத்தோம். எங்கள் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள், படத்தையாவது பார்த்துத் தொலைப்பார்கள், அது பதிவிலும் ஏறும் என்று நம்பினோம். அத்தனையும் நீ பெரிய மனதோடு எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன பழைய லேப்டாப்பில், ‘கரி’ என்ற பெயரில், டெஸ்க்டாப்பிலேயே கண்ணுக்கு நேராக இருந்தன.

நேற்று சாயங்காலம் அந்த லேப்டாப் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. புதுப்பிப்பு தயாராக இருக்கிறது, இப்போதா, இன்று இரவா? மூன்றாவது பொத்தான் இல்லை. மூலையில் வழக்கமாக இருக்கும் பெருக்கல் குறியும் இல்லை. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி கேக்குது அது?”

சொன்னேன்.

“வேணாம்னு சொல்லிட்டுப் போயேன்.”

“அப்டி சொல்றதுக்கு எடமே வெக்கல பெரிம்மா.”

“அடப்பாவி, கரி கம்பெனிக்காரன் மாரியே கேக்குதே! அவனும் கொட்டட்டுமா வேணாவான்னு கேக்கமாட்டான். காலைலயா சாய்ங்காலமான்னுதான் கேப்பான். இது யாரு செஞ்சதுடி?”

உன் மகன்தான் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ‘இன்று இரவு’ என்பதை அமுக்கிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் திறந்து பார்க்கலாம் என்றால் தண்ணீர் லாரி வந்துவிட்டது. குடத்தோடு ஓடி, குடத்தோடு திரும்பி, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினோம்.

மண்டபத்தைப் பார்த்தால் நிஜக் கல்யாணம் போலவே இருந்தது. முன்வரிசை முழுக்கக் கம்பெனி வேனில் வந்து இறங்கியவர்கள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஆளுக்கொரு வழவழ நோட்டீஸ். (அந்த நோட்டீஸ்களின் முதுகில்தான் இதை எழுதுகிறேன், நல்ல தடியான காகிதம்.) மேடையில் மாப்பிள்ளை உட்கார வேண்டிய நாற்காலியில் அதிகாரி. பக்கத்தில் கம்பெனி சார்பாகக் கோட்டு போட்ட ஒருவர், இந்த வெயிலில் கோட்டு. அதிகாரியின் லேப்டாப்பில் ஒரு டைப்பிஸ்ட் எல்லோர் பேச்சையும் அடித்துக்கொண்டிருந்தார். “பட்டம்மாள்” என்று உன் அம்மா பெயரைக் கூப்பிட்டார்கள். மைக் செட் டெரிக் அண்ணன் என் லேப்டாப்பைப் பெரிய திரையில் மாட்டிவிட்டார். பெரியம்மா கொண்டையை இறுக்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள், ‘கரி’ கண்ணில் படாததால் நான் இத்தனை வருட வழக்கப்படி ஸ்டார்ட் பட்டன் இருக்கும் இடது மூலையில் அமுக்கினேன்.

இடது மூலையில் இப்போது நீங்கள் எதை வைத்திருக்கிறீர்கள் என்று உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. பாதித் திரையை அடைத்துக்கொண்டு ஒரு பலகை சர்ரென்று வந்து நின்றது. அதில் ஒரு நடிகையின் வளைகாப்பு, கிரிக்கெட் ஸ்கோர், தொப்பை குறைய மூன்று வழி, எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் ‘சென்னை, இதமான வெயில், காற்றின் தரம்: நன்று’.

கோட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். “ஐயா, இது எங்க கம்ப்யூட்டர் இல்ல, அந்தம்மாவோட கம்ப்யூட்டர். அதுவே சொல்லுது பாருங்க, காத்து நல்லா இருக்காம்!” முன்வரிசை கைதட்டியது.

பலகையை மூடிவிட்டு மறுபடி தேடினேன். டெஸ்க்டாப்பில் ‘கரி’ இல்லை. அங்கே இருந்ததையெல்லாம் புதுப்பிப்பு தானாகவே தூக்கி இணையத்தில் வைத்துவிட்டதாம், இணையத்தோடு சேருங்கள் என்று மரியாதையாக ஒரு வரி வந்தது. அந்த மண்டபத்தில் போன் பேசவே சுவர் ஏறி நிற்க வேண்டும். கடைசியில் நீ ஒளித்துவைத்த பொத்தானை நடுவில் கண்டுபிடித்து அமுக்கினால், ‘உங்களுக்காகப் பரிந்துரைக்கப்பட்டவை’ என்று வரிசையாகப் படங்கள். நம் படம்தான் வந்துவிட்டது என்று முதலாவதைத் தட்டினேன். அண்ணா, அது நீ. வாடகைக் கோட்டில், கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால், கையைக் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க அனுப்பிய ஜாதக போட்டோ. பதினைந்து அடி உயரத்துக்கு நின்றாய்.

“யம்மா, வேற படத்த போடு, மாப்ள பாக்க வந்தா மாரி கீது” என்றார் டெரிக் அண்ணன்.

மாற்றலாம் என்று வலது பக்கம் அமுக்கினால் எழுத்தையே காணோம். வெட்டு, ஒட்டு, அழி என்று தமிழில் தெளிவாக இருந்ததை எடுத்துவிட்டு, எறும்பு அளவுக்குக் கத்தரிக்கோல், இரண்டு காகிதம், குப்பைக்கூடை என்று பொம்மை வரைந்து வைத்திருக்கிறீர்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காகச் செய்தீர்களா, படித்தவர்களைப் பழிவாங்கச் செய்தீர்களா? ஒரு பொம்மையைத் தொட்டேன், நீ பக்கவாட்டில் படுத்தாய். இன்னொரு தடவை தொட்டேன், தலைகீழாகத் தொங்கினாய். அதற்குள் கோட்டுக்காரர் யாரிடமோ விசாரித்துவிட்டு மைக்கை வாங்கிக்கொண்டார். “இந்த இளைஞர் இதே தெருவுல பொறந்தவராம்! இன்னிக்கு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனில இருக்காராம்! தொழில் வளர்ந்தா ஊர் வளரும்ங்கறதுக்கு வேற என்ன சாட்சி வேணும்?”

மறுபடியும் கைதட்டல். தலைகீழாகத் தொங்குகிறவனுக்கு இவ்வளவு கைதட்டல் விழுந்து நான் பார்த்ததில்லை.

உன் அம்மா மைக்கைப் பிடுங்கினாள். “அய்யே, கோட்டு! அது எம் புள்ளதான்யா. சின்னதுல ராவெல்லாம் லொக்கு லொக்குன்னு இருமிக்கினே கெடப்பான். இங்க இருந்தா தக்கமாட்டான்னுதான் கண் காணாத ஊருக்குத் தொரத்தி உட்டேன். உன் கரியால நல்லாக்கீறான்னு சொல்றியே, உன் கரிய உட்டுப் போனதாலதான்யா நல்லாக்கீறான்! உன் புள்ளைய இட்டாந்து எங்க மாடில ஒரு மாசம் படுக்க வையி, அப்பால வந்து பேசு.”

“ஐந்து நிமிடம் முடிந்தது அம்மா” என்றார் அதிகாரி. மைக் செத்தது. இறங்கும்போது டெரிக் அண்ணன் டைப்பிஸ்டின் திரையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அவர் அடித்திருந்தது இவ்வளவுதான்: ‘ஒரு பெண்மணி தம் மகனின் முன்னேற்றம் குறித்து மகிழ்ச்சியுடன் பேசினார்.’ சாப்பாட்டுக்குப் பிறகு அதிகாரி இதைச் சபையில் வாசித்துக் கையெழுத்துப் போட்டால் கதை முடிந்தது. கிடங்கு வந்துவிடும். உன் அம்மா பந்திக்குப் போகாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் பந்தியை விட்டு நீ பார்த்திருக்கிறாயா?

எனவே கேட்கிறேன். நீயும் உன் நாற்பது பேரும் பொத்தானை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், கூரையில் கூட ஒட்டுங்கள். ஆனால் இனி எந்தப் புதுப்பிப்பு வந்தாலும் ‘வேண்டாம்’ என்று ஒரு பொத்தான் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவில், எழுத்தில், தமிழில். எங்களிடம் வருகிற எதிலும் அது இருந்ததில்லை. உன் கையால் ஒன்றிலாவது வை.

அண்ணிக்கு என் அன்பு. குழந்தைக்கு முத்தம். அம்மன் அருளால் நீங்கள் எல்லோரும் நீடூழி வாழ்க, உன் பதவி உயர்வு மட்டும் ஒரு வருடம் தள்ளிப்போகட்டும்.

இப்படிக்கு,
கொதித்துக்கொண்டிருக்கும் தங்கை,
எழில்மொழி.

பின்குறிப்பு: மேலே எழுதிய எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பொத்தானை மட்டும் வைத்துத் தொலைத்துவிடாதே! சாப்பாடு முடிந்து அதிகாரி பதிவை வாசிக்கத் தன் லேப்டாப்பைத் திறந்தார். பெரிய திரையில் ‘புதுப்பிக்கிறோம், அணைக்க வேண்டாம்’ என்று வந்து வட்டம் சுற்ற ஆரம்பித்தது. “கேன்சல் பண்ணுய்யா” என்று கோட்டுக்காரர் கத்தினார். “கேன்சல் இல்ல சார்” என்றார் டைப்பிஸ்ட். “அப்ப ஆஃப் பண்ணு.” “அணைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு சார், கவர்மென்ட் சொத்து சார்.” முப்பது சதவீதத்தில் அது அப்படியே நின்றுவிட்டது. பதிவை வாசிக்காமல் கூட்டத்தை முடிக்கக் கூடாதாம். வேன்காரர்கள் முதலில் கிளம்பினார்கள், அப்புறம் கோட்டு கழன்றது, கடைசியில் அதிகாரி எழுந்து, அடுத்த மாதம் இருபத்தொன்றாம் தேதி எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்போம் என்று அறிவித்துவிட்டார். உன் அம்மா இப்போது கடைசிப் பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

படங்களைக் காகிதத்தில் போட்டு எடுத்துக்கொண்டுதான் அடுத்த தடவை வருவேன், எங்கள் கவலையை விடு. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இருபத்தொன்றாம் தேதி பிற்பகல், அதிகாரியின் அந்த ஒரு லேப்டாப்புக்கு, இன்னொரு புதுப்பிப்பு. அதற்கு அடுத்த கூட்டத்துக்கும் ஒன்று. இதுவரை எழுதிய பக்கங்களைப் போட்டோ எடுத்து, சுவர் ஏறி நின்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன், நீலக் கோடு இரண்டும் விழுந்துவிட்டன, ஆன்லைனில் இருப்பதாகவும் காட்டுகிறது. புதுப்பிப்பு அனுப்புவாயா, மாட்டாயா? உன் அம்மா பாயசத்தோடு பக்கத்தில் வந்து நிற்கிறாள். வாயைத் திறந்து சொல்லு.